பால் வடிகட்டி: அழுக்கு வலையில் இல்லை, விளிம்பில் இருக்கிறது. இதை எப்படி வடிவமைப்பது?

வரைபலகை எழுதியது:

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் எங்கள் வீட்டுப் பால் வடிகட்டியைத் தேய்த்துக் கழுவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வலையின் கண்களில் ஒன்றுகூட அடைபட்டிருக்கவில்லை. ஆனாலும் மூக்கருகே கொண்டுபோனால் லேசாகப் புளித்த வாடை. ஒரு தையல் ஊசியை எடுத்து, விளிம்புத் தகடு வலையைக் கவ்வுகிற இடத்தில் விட்டு ஒரு சுற்று இழுத்தேன். ஊசி முனையில் மஞ்சளாக, மெழுகு மாதிரி ஒன்று திரண்டு வந்தது. இன்னொரு சுற்று இழுத்தால் இன்னும் வந்தது. அப்புறம் குறடால் விளிம்பைப் பிரித்தே பார்த்துவிட்டேன். உள்ளே வலையின் வெட்டுமுனைகள் பிரஷ் மயிர் போல நெருக்கமாக நின்றன. ஒவ்வொரு கம்பிக்கு நடுவிலும் அதே பசை, அடிப்பக்கம் கறுத்துப்போய். தினமும் இதன் வழியாகத்தான் பாலை ஊற்றிக் குடித்திருக்கிறோம்.

இயந்திர வரைபடம் வரைவது என் தொழில். அதனால் புதிதாக ஒன்று வாங்குவதற்குப் பதில் நானே ஒன்று வரைந்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். இன்னொரு காரணமும் உண்டு. அம்மாவுக்கு விரல் மூட்டுகள் வீங்கிவிட்டன. பழைய பல் பிரஷைப் பிடித்து அழுத்தித் தேய்க்க அவரால் முடியாது, ஆனால் பாத்திரம் கழுவுவதை விட்டுக்கொடுக்கவும் மாட்டார். ஆகவே நான் வைத்துக்கொண்ட விதி ஒன்றுதான்: குழாயடியில் கால் நிமிடம் காட்டினால் சுத்தமாகிவிட வேண்டும், தேய்க்கவே கூடாது.

இதுவரை மூன்று செய்து பார்த்தேன்.

முதலாவதில் வலைவட்டைத் தனியாக எடுக்கலாம். மேலே ஒரு வளையம், கீழே ஒரு வளையம், இரண்டையும் திருகி மூடுவது. வலை நன்றாகவே கழுவப்பட்டது. ஆனால் பால் திருகின் புரிகளுக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது. முன்பு ஒரு விளிம்பு, இப்போது புரிக்குப் புரி ஒரு விளிம்பு. போதாததற்கு வட்டின் ஓரத்தில் பிரிந்த கம்பி அம்மாவின் விரலில் குத்திவிட்டது. அன்றோடு அதை ஒதுக்கிவிட்டேன்.

இரண்டாவது, வலையைச் சுற்றிச் சிலிக்கோன் வார்த்தது. இதை உட்புறம் வெளியே வரும்படி புரட்டலாம். கழுவுவதற்கு இதைப் போலச் சுகம் வேறில்லை. புரட்டிக் குழாயில் காட்டினால் பாலாடை தானாகவே வழுக்கி விழும். ஆறு வாரம் சந்தோஷமாக இருந்தோம். அதன் பிறகு தினமும் மடங்கிய இடத்தில் சிலிக்கோன் வலையை விட்டு மயிரிழை விலகியது. அந்த மயிரிழைக்குள் பால் போயிற்று. சிலிக்கோன் கொழுப்பின் வாடையையும் பிடித்துவைத்துக்கொள்கிறது. வெந்நீரில் ஊறவைத்தாலும் முழுக்கப் போகவில்லை.

மூன்றாவது கூம்பு. வேகமாக வடிகிறது, ஆனால் கூம்பின் நுனியில் வலை ஒன்றன்மேல் ஒன்றாக மடிகிறது. அழுக்கெல்லாம் போய்ச் சேர்கிற அதே இடத்தில்தான் கழுவவும் முடியவில்லை. இதைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றுமில்லை.

இப்போது கம்பி வலையையே விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன். மெல்லிய எவர்சில்வர் தகட்டில் நுண்துளைகள் போட்டு, விளிம்பும் அதே தகடாகவே இருந்தால் கவ்வுவதற்கு எதுவும் இல்லையே. ஆனால் துளை எவ்வளவு சிறியதாக வரும்? பால் சரியாக இறங்குமா? தகட்டைக் கிண்ணமாக அழுத்தினால் துளைகள் என்ன ஆகும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பாலுக்கு மட்டுமல்ல, பழச்சாறு, எண்ணெய் எல்லாவற்றுக்கும் ஒரே வடிகட்டியாக இருந்தால் நல்லது.

நீராவிக்குழாய் எழுதியது:

பால் பண்ணை ஆலையில் குழாய்களும் தொட்டிகளும் கழுவும் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். உங்கள் ஊசிச் சோதனை சரியான சோதனை. ஆலையில் எந்தக் கருவி வந்தாலும் நாங்கள் முதலில் பார்ப்பது இடுக்கைத்தான், பளபளப்பை அப்புறம்தான் பார்ப்போம்.

உணவுக் கருவிகளுக்கு நாங்கள் கடைப்பிடிக்கிற அளவுகளைச் சொல்கிறேன், வரைபடத்துக்கு உதவும். உள்மூலைகளின் வளைவு ஆரம் குறைந்தது 3 மில்லிமீட்டர், முடிந்தால் 6. பால் படுகிற பரப்பின் சொரசொரப்பு 0.8 மைக்ரானுக்கு (மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் போகக்கூடாது. வெல்டிங் என்றால் ஓரிடமும் விடாமல் முழுச் சுற்றும் ஓட வேண்டும்; புள்ளி புள்ளியாக வைத்தால் இரண்டு புள்ளிக்கு நடுவே பால் தங்கும். எப்படி வைத்தாலும் நீர் தானாக வழிந்துவிட வேண்டும்.

இரண்டு பாகங்கள் சேரும் இடத்தைப் பற்றி என் கருத்து: ஒன்று, இரண்டும் இடைவெளியே இல்லாமல் ஒரே உலோகமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கையில் எடுத்ததும் தனித்தனியாகக் கழன்று வர வேண்டும். கவ்வுவது, மடிப்பது, செருகுவது எல்லாம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறவை. உங்கள் முதல் மூன்றும் அங்கேதான் தோற்றிருக்கின்றன.

அடுத்து, வடிவத்தோடு கழுவும் முறையையும் சேர்த்து யோசியுங்கள். பலர் பால் பாத்திரத்தை நேராகக் கொதிநீரில் போடுகிறார்கள். அது தவறு. பாலில் இருக்கும் மோர்ப்புரதம் 70 டிகிரி செல்சியஸ் வாக்கில் உருக்குலைந்து உலோகத்தில் ஒட்டத் தொடங்கும். கொதிநீரில் போட்டால் மிச்சமிருக்கும் புரதத்தை நாமே வேகவைத்து ஒட்டிவிடுகிறோம். அதற்காக ஐஸ் போன்ற தண்ணீரும் சரிவராது, கொழுப்பு உறைந்துவிடும். பால் கொழுப்பு முழுவதும் உருக ஏறக்குறைய 40 டிகிரி வேண்டும். ஆகவே முதல் அலசல் கை பொறுக்கிற வெதுவெதுப்பில், பால் காய்வதற்கு முன்பே. சோப்பும் சூடான நீரும் அதற்குப் பிறகு.

சில மாதத்தில் வெள்ளையாக ஒரு படலம் வரும், எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. அதைப் பாற்கல் என்போம். முக்கியமாகக் கால்சியம் பாஸ்பேட், கூடவே புரதமும் பிணைந்திருக்கும். கொழுப்பும் புரதமும் காரத்துக்கு, அதாவது சோடா போன்ற அமிலத்துக்கு எதிரான பொருளுக்குக் கரையும், இந்த உப்பு அமிலத்துக்குத்தான் கரையும். வீட்டில் வினிகரோ சிட்ரிக் அமிலக் கரைசலோ போதும். ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: குளோரின் சேர்ந்த ப்ளீச்சோடு எந்த அமிலத்தையும் சேர்க்காதீர்கள், நச்சு வாயு கிளம்பும். ஆலையில் காரம், நல்ல தண்ணீர், அமிலம், மறுபடியும் நல்ல தண்ணீர் என்று இடையில் அலசாமல் மாற்றவே மாட்டோம்.

வெள்ளைத்துணி எழுதியது:

இவ்வளவு சிரமம் எதற்கு? நல்ல பருத்தித் துணியில் வடித்துவிட்டுத் துணியைக் கொதிக்கவைத்தால் முடிந்தது. துணிக்கு விளிம்பும் இல்லை, இடுக்கும் இல்லை. என் அனுபவத்தில் இதற்கு மேல் சுத்தம் கிடையாது.

வரைபலகை எழுதியது:

துணியை நானும் மதிக்கிறேன். ஆனால் அதை ஒவ்வொரு முறையும் அலசி, பிழிந்து, கொதிக்கவைத்து, முழுக்க உலர்த்த வேண்டும். பிழிவதுதான் அம்மாவால் முடியாத வேலை. உலராத துணி ஒரே ராத்திரியில் வாடை அடித்துவிடுகிறது. ஒருமுறை வடித்ததும் தூக்கிப்போடுவதென்றால் சரி.

நீராவிக்குழாய் அண்ணா, கொதிநீர் விஷயம் எனக்குத் தெரியாது. நானே இத்தனை நாள் கெட்டிலில் இருந்து நேராக ஊற்றிக்கொண்டிருந்தேன். நன்றி.

நீராவிக்குழாய் எழுதியது:

துணி நண்பர் சொல்வதில் அர்த்தம் உண்டு. சின்னப் பண்ணைகளில் துளையிட்ட இரண்டு தட்டுகளுக்கு நடுவில் பஞ்சு வட்டு ஒன்றை வைத்துப் பால் வடிப்பார்கள். வேலை முடிந்ததும் வட்டு குப்பைக்குப் போகும். கழுவவே முடியாத பாகத்தைக் கழுவாமல் இருப்பது ஒரு நேர்மையான வழி. ஆனால் தினமும் வீட்டில் குப்பை சேர்க்க வேண்டாம் என்றால் தகடுதான்.

தகட்டுக்காரன் எழுதியது:

உங்கள் கேள்வி என் தொழில். அமில அரிப்பு முறையில் மெல்லிய தகட்டில் துளை போடுகிறோம். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

துளையின் அளவு தகட்டின் தடிமனைவிடக் குறைய முடியாது என்பது பொதுவான கணக்கு, கொஞ்சம் கூடுதலாக வைத்தால் பத்திரம். தகடு 0.25 மில்லிமீட்டர் என்றால் துளை 0.3 வைக்கலாம். 60 மெஷ், அதாவது அங்குலத்துக்கு 60 கம்பி உள்ள வலையின் கண் சுமார் 0.25 மில்லிமீட்டர்தான், ஆகவே நீங்கள் பெரிதாக எதையும் இழக்கவில்லை. பாலாடைத் துணுக்கு அதைவிடப் பெரியது. பாலில் இருக்கும் கொழுப்புருண்டைகள் பெரும்பாலும் 10 மைக்ரானுக்குள் அடங்கிவிடும், அவை எந்த வலையிலும் நிற்காது.

கம்பி வலைக்கு ஒரு குறை உண்டு, அதை யாரும் கவனிப்பதில்லை. கம்பிகள் மேலும் கீழுமாக ஒன்றையொன்று தாண்டும் ஒவ்வொரு முடிச்சிலும் ஒரு குட்டி இடுக்கு இருக்கிறது. ஒரு அங்குல நீளத்தில் 60 கம்பி என்றால் ஒரு சதுர அங்குலத்தில் 3600 முடிச்சு. தகட்டில் அது கிடையாது.

அடுத்து, துளையின் இரண்டு வாயும் ஒரே அகலமாக இருக்கக்கூடாது. மேல்வாய் 0.3, கீழ்வாய் 0.4 என்று விரிந்து போகட்டும். மேலே நுழைந்த துணுக்கு கீழே போகப் போக இடம் கூடுமே தவிர எங்கும் சிக்காது. தொழிற்சாலைச் சல்லடைகளில் ஆப்பு வடிவக் கம்பியைப் போடுவதும் இதற்காகத்தான். பழச்சாற்றின் நார் பாதி நுழைந்து தொங்குகிற தொல்லையும் இதனால் பெரும்பாலும் தீரும். ஆனால் வடிகட்டியைத் தலைகீழாகப் பயன்படுத்திவிடக்கூடாது. எந்தப் பக்கம் மேல் என்று பார்த்தவுடன் தெரியும்படி வரையுங்கள்.

வேகம்: 0.16 கம்பியில் நெய்த 60 மெஷ் வலையில் திறந்த பரப்பு சுமார் 39 சதவீதம். 0.3 துளைகளை 0.55 மில்லிமீட்டர் இடைவெளியில் முக்கோண அமைப்பில் போட்டால் சுமார் 27 சதவீதம். அதே திறந்த பரப்பு வேண்டுமென்றால் விட்டத்தை 1.2 மடங்காக்குங்கள். 8 சென்டிமீட்டர் என்றால் 9.6. அவ்வளவுதான்.

இனி முக்கியமானது. துளை போட்ட தகட்டைக் கிண்ணமாக அழுத்தாதீர்கள். துளைகள் நீள்வட்டமாக இழுபடும், ஓரத்தில் கிழியும். கூடவே, 0.25 தகட்டை வேறொரு வளையத்தோடு இணைத்தால் மறுபடியும் இடுக்கு வந்துவிடும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. 0.5 மில்லிமீட்டர் தகட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவட்டத்தை மட்டும் அடிப்பக்கத்திலிருந்து பாதி ஆழத்துக்கு அரித்து 0.25 ஆக்கலாம். துளைகள் அங்கே வரும். சுற்றிலும் இருக்கும் கெட்டியான ஓரமும் கைப்பிடியும் அதே தகடு. மேற்பரப்பில் படி எதுவும் தெரியாது, கீழேதான் கால் மில்லிமீட்டர் படி. அரிப்பில் அந்தப் படியின் மூலை தானாகவே உருண்டு வரும். கடைசியில் மின்முறை மெருகு கொடுத்தால் துளைகளின் ஓரச் சொரசொரப்பும் போய்விடும்.

வரைபலகை எழுதியது:

தகட்டுக்காரன் சார், பாதி ஆழம் அரிக்கலாம் என்பதைப் படித்துவிட்டு எழுந்துபோய் ஒரு நடை நடந்துவிட்டு வந்தேன். விளிம்பை வலையோடு எப்படிச் சேர்ப்பது என்றே எட்டு மாதம் யோசித்திருக்கிறேன். சேர்க்கவே வேண்டாம் என்று தோன்றவில்லை.

ஒரு சந்தேகம். தட்டையாக இருந்தால் பால் ஓரத்தில் வழிந்துவிடுமே? மேலே ஒரு சுவர் வேண்டும். அதைத் தனி வளையமாக, வெறுமனே மேலே உட்காரும்படி வைக்கலாமா? நீராவிக்குழாய் அண்ணா சொன்ன "தனித்தனியாகக் கழன்று வர வேண்டும்" என்பதற்கு அது பொருந்துமா?

நீராவிக்குழாய் எழுதியது:

பொருந்தும். தூக்கினால் தானாகப் பிரிய வேண்டும், அவ்வளவுதான். திருகு, கொக்கி எதுவும் வேண்டாம். வளையத்தின் எடையே பாலைப் பிடித்துக்கொள்ளும். ஓரத்தில் ஒன்றிரண்டு சொட்டுக் கசிந்தாலும் கீழே பாத்திரத்தில்தானே விழப்போகிறது.

செய்து முடித்ததும் இப்படிச் சோதியுங்கள். ரைபோஃப்ளேவின், அதாவது பி2 வைட்டமின் மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கலக்கித் தெளியவிடுங்கள். மேலே நிற்கும் மஞ்சள் நீரை உங்கள் வடிகட்டியின் மேல் முழுக்கத் தெளித்து, காய்வதற்குள் குழாயில் அலசுங்கள். பிறகு விளக்கை அணைத்துவிட்டு 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச்சை அடியுங்கள். தண்ணீர் போய்ச் சேராத இடம் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். ஆலையில் பெரிய தொட்டிகளையே இப்படித்தான் பார்க்கிறோம். நேரடியாகக் கண்ணில் டார்ச் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வரைபலகை எழுதியது:

ஆறு வாரம் கழித்து வருகிறேன். நான்காவது வடிகட்டி கைக்கு வந்துவிட்டது.

முதலில் நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். அரிப்பவரிடம் இருந்த தகட்டில் கைப்பிடிக்கு நீளம் பற்றவில்லை. தனியாக ஒரு கைப்பிடியை மூன்று புள்ளியில் வெல்டிங் வைத்துத் தந்தார். நானும் சரி, இது பாலில் படாத இடம்தானே என்று விட்டுவிட்டேன். ராத்திரி சமையலறை விளக்கை அணைத்துவிட்டு டார்ச் அடித்தேன். துளைகள் இருக்கிற நடுவட்டம் முழுக்க இருட்டு, ஒரு பொட்டு ஒளிகூட இல்லை. எழுந்து நின்று அம்மாவைக் கூப்பிட்டேன். அவர் வந்து குனிந்து பார்த்துவிட்டு, "அதென்ன அங்கே மினுக்குது?" என்று கேட்டார். கைப்பிடி ஒட்டின இடத்தில், மூன்று வெல்டிங் புள்ளிக்கும் நடுவில், இரண்டு மெல்லிய பச்சைக் கோடுகள். மறுபடியும் அலசினேன், மறுபடியும் அதே இரண்டு கோடுகள். பால் படாத இடம் என்று ஒன்று வடிகட்டியில் கிடையாது. கையில் இருக்கிற பால், தெறிக்கிற பால், கவிழ்க்கும்போது ஓடுகிற பால் எல்லாம் அங்கே போய்ச் சேர்கிறது.

இரண்டாம் முறை பெரிய தகட்டில் கைப்பிடியும் சேர்த்தே அரித்து வாங்கினேன். 0.5 தகடு கைப்பிடிக்கு மெலிசு, வளைந்தது. அதனால் நீளவாக்கில் நடுவில் ஒரு ஓடை போல அழுத்தினோம். அகலமான ஓடை, விரல் நுனி உள்ளே போய் வரும். இப்போது பால் நிரம்பினாலும் வளைவதில்லை. டார்ச் சோதனையில் எங்குமே ஒளி இல்லை. ஊசிக்கு வேலையும் இல்லை, அதை விடுவதற்கு இடமே கிடையாது.

இன்னொன்றைத் தற்செயலாகக் கண்டுபிடித்தேன். முற்றிலும் தட்டையாக இருந்தபோது முழுப் பாலாடையும் நடுவில் விரிந்து உட்கார்ந்து துளைகளை மூடியது, பால் தேங்கியது. அழுத்தும்போது நடுவட்டம் லேசாக மேல்நோக்கிப் புடைத்துவிட்ட ஒரு துண்டைக் கழித்துவிடலாம் என்று வைத்திருந்தேன். ஒரு நாள் அவசரத்துக்கு அதை எடுத்து ஊற்றினால், பால் விழுகிற வேகத்தில் ஆடை ஓரத்துக்கு ஒதுங்கிவிட்டது, நடுவில் கடைசி வரை பால் இறங்கிக்கொண்டே இருந்தது. அதனால் இப்போது வேண்டுமென்றே 4 மில்லிமீட்டர் புடைப்பு வைக்கிறேன். அவ்வளவு சின்னப் புடைப்பில் துளைகள் இழுபடவில்லை, உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்துவிட்டேன். எது மேல்பக்கம் என்ற குழப்பமும் இதோடு தீர்ந்தது.

ஊற்றுவதற்கு முன் வடிகட்டியை ஒருமுறை தண்ணீரில் நனைத்துவிடுங்கள். காய்ந்த நுண்துளைகளின் மேல் முதல் கரண்டிப் பால் இறங்காமல் நிற்கும். நனைத்தால் உடனே இறங்குகிறது, பிறகு கழுவும்போதும் ஆடை சுலபமாக விடுகிறது. கழுவி முடித்ததும் துளைகளில் நீர்ப்படலம் நிற்கும், அதை உதறினாலும் போகாது. ஒரு உலர்ந்த துணியை அடிப்பக்கம் தொட்டுவிட்டால் போதும், துணி உறிஞ்சிக்கொள்ளும். பிறகு செங்குத்தாகத் தொங்கவிடுகிறோம்.

பழச்சாற்றுக்கும் நன்றாக இருக்கிறது. எண்ணெய் மெதுவாகத்தான் இறங்குகிறது, வெதுவெதுப்பாக இருந்தால் பரவாயில்லை. உப்புக் கரைசலை வடிக்கும் எண்ணம் இருந்தால் எந்த எவர்சில்வர் எடுக்கலாம்? நான் போட்டது 304 என்ற ரகம்.

தகட்டுக்காரன் எழுதியது:

பாலுக்கும் சாற்றுக்கும் 304 போதும். உப்பு அடிக்கடி படுமென்றால் 316 எடுங்கள். அதில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருக்கிறது, உப்பினால் வரும் புள்ளி அரிப்பைத் தாங்கும். எதுவானாலும் உப்புநீரை அதிலேயே காயவிடாதீர்கள். அந்த 4 மில்லிமீட்டர் புடைப்பு நல்ல கண்டுபிடிப்பு, எனக்குத் தோன்றவில்லை.

வரைபலகை எழுதியது:

நன்றி சார். அடுத்ததை 316-ல் போடச் சொல்கிறேன். கைப்பிடியை 9 சென்டிமீட்டரில் இருந்து 12 ஆக்குகிறேன். அம்மா விரல்களை மடக்காமல் உள்ளங்கையை அதன் மேல் வைத்து அழுத்திப் பிடிக்கிறார், அதற்கு 9 பற்றவில்லை. ஓடையின் அகலத்தையும் அவர் கையை வைத்துத்தான் அளக்கப்போகிறேன். வரைபடம் முடிந்ததும் இங்கேயே போடுகிறேன், தேவைப்படுகிறவர்கள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.